நமீபியாவில் பதின்ம வயதுப் பிள்ளையோடு முதல் சமவெளி வேட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்போது பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அது அரசு அனுமதியோடு பண்ணை நிலங்களில் நடக்கிறது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் 13 முதல் 17 வயதுப் பிள்ளையோடு முதன்முறை போவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. பதில்கள் பெரும்பாலும் நமீபியாவை வைத்தே சொல்லப்படுகின்றன. தென்னாப்பிரிக்காவில் நடைமுறை மாறும் இடங்களில் அதையும் குறித்திருக்கிறோம்.

சமவெளி வேட்டை என்றால் எந்தெந்த விலங்குகள்?

யானை, சிங்கம், காட்டெருமை போன்ற ஆபத்தான விலங்குகள் இதில் வராது. இரலை வகைகள், வரிக்குதிரை, வார்ட்ஹாக் என்னும் காட்டுப்பன்றி, இவைதான். நமீபியாவில் சுமார் 35 கிலோ எடையுள்ள ஸ்பிரிங்பாக்கில் தொடங்கி வார்ட்ஹாக், ஹார்டபீஸ்ட், ஓரிக்ஸ், நீல வைல்டபீஸ்ட், குடூ, ஹார்ட்மன் மலை வரிக்குதிரை என்று வரிசை போகும். வளர்ந்த ஆண் குடூ 200 கிலோவைத் தாண்டும். அளவில் இவ்வளவு வித்தியாசம் இருப்பதால்தான் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதில் குழப்பம் வருகிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

பிள்ளைக்கு எத்தனை வயது ஆகியிருக்க வேண்டும்?

வயதைவிட மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒரு நாளில் 8 முதல் 12 கி.மீ. கல்லும் முள்ளுமான நிலத்தில் நடந்துவிட்டு மறுநாளும் எழுந்து வர வேண்டும். “சுடாதே” என்றால் அந்த நொடியே விரலை எடுக்க வேண்டும். மூன்றாவது, வேட்டைக்குப் போகும் ஆசை பிள்ளையுடையதாக இருக்க வேண்டும், அப்பாவுடையதாக அல்ல. இந்தக் கடைசி விஷயத்தில்தான் பெற்றோர் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

எந்த மாதம் போவது? எத்தனை நாள்?

நமீபியாவில் வேட்டைக்காலம் பிப்ரவரி 1 முதல் நவம்பர் 30 வரை. முதல் பயணத்துக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்லது. புல் காய்ந்து, மரங்கள் இலை உதிர்த்திருப்பதால் விலங்கின் முழு உடலும் கண்ணுக்குத் தெரியும். பாம்பும் பூச்சியும் குறைவு. பள்ளி விடுமுறையும் பல நாடுகளில் அப்போதுதான்.

வேட்டை நாட்கள் ஏழு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாள் திட்டம் மலிவு. ஆனால் முதல் நாள் பயணக் களைப்பிலும் துப்பாக்கியைச் சரிபார்ப்பதிலும் போய்விடும். ஒரு நாள் பலத்த காற்று அடித்தால் மிச்சம் மூன்று. நாள் போதாதபோது பெரியவர்கள் பதறுவார்கள், அந்தப் பதற்றம் பிள்ளையின் விரலுக்கு வந்து சேரும்.

“ஒருவருக்கு ஒரு வழிகாட்டி”, “இருவருக்கு ஒரு வழிகாட்டி”: எது சரி?

நமீபியாவில் வெளிநாட்டு விருந்தினர் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் வேட்டையாட முடியாது. ஒரு வழிகாட்டி ஒரே நேரத்தில் அதிகபட்சம் இருவரை அழைத்துப் போகலாம். கட்டணத்தில் இரண்டு பகுதி: தங்குமிடம், சாப்பாடு, வழிகாட்டி, வண்டி எல்லாம் சேர்ந்த நாள் கட்டணம் ஒன்று, வீழ்த்தும் விலங்குக்குத் தனித்தனியாக விலங்குக் கட்டணம் (trophy fee) இன்னொன்று. சுடாமல் உடன் வருபவருக்குப் பார்வையாளர் கட்டணம், அது குறைவு.

எங்கள் பரிந்துரை: பிள்ளை மட்டும் வேட்டைக்காரர், நீங்கள் பார்வையாளர். இருவரும் சுடத்தான் வேண்டும் என்றால் முதல் மூன்று நாள் முழுக்கப் பிள்ளைக்கு என்று கிளம்புவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். அந்த இடத்தில் பெரிய கொம்புள்ள குடூ ஒன்று குறுக்கே வந்து நின்றபின் “இது யாருக்கு” என்று தீர்மானிப்பது யாருக்கும் நல்லதில்லை.

பணம் கட்டும் முன் காயம்பட்ட விலங்கு பற்றிய விதியையும் எழுத்தில் வாங்குங்கள். ஒரு துளி ரத்தம் தரையில் விழுந்தாலும், விலங்கு கிடைக்காவிட்டாலும், முழு விலங்குக் கட்டணம் உண்டு என்பதே பொதுவான வழக்கம்.

.243 துப்பாக்கி இருக்கிறது. போதாதா?

ஸ்பிரிங்பாக்குக்கும் வார்ட்ஹாக்குக்கும் தாராளமாகப் போதும். ஆனால் நமீபியாவின் விதி துப்பாக்கி வாயில் குண்டுக்கு இருக்கும் ஆற்றலைக் கணக்கிடுகிறது: ஸ்பிரிங்பாக்குக்குக் குறைந்தது 1,350 ஜூல், ஹார்டபீஸ்ட், வைல்டபீஸ்ட், குடூ, ஓரிக்ஸ், ஈலண்டுக்கு 2,700 ஜூல். .243 வின்செஸ்டரில் 100 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு வழக்கமான வேகத்தில் சுமார் 2,640 ஜூல்தான் தரும். சட்டப்படியே நூலிழையில் தவறுகிறது.

பிள்ளைக்கு ஏற்றது 7எம்எம்-08 ரகத் துப்பாக்கி. 140 கிரெய்ன் குண்டில் ஏறத்தாழ 3,400 ஜூல் கிடைக்கும்; உதை .30-06ஐவிடத் தெளிவாகக் குறைவு. 6.5 கிரீட்மூர் சுமார் 3,000 ஜூலோடு சற்று மென்மையாக உதைக்கும். .308 ஏற்கெனவே பழக்கமிருந்தால் மாற்ற வேண்டாம். .300 மேக்னம் வகைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

குண்டின் கட்டுமானம் அதன் விட்டத்தைவிட முக்கியம். மெல்லிய உறை உள்ள வேகக் குண்டு ஓரிக்ஸின் தோள் எலும்பில் பட்டு மேலேயே சிதறிவிடும். உறையும் ஈயமும் பிணைக்கப்பட்ட வகையோ முழுச் செம்பு வகையோ வாங்குங்கள். பயிற்சியின் கடைசி ஒரு மாதத்தில் அதே தோட்டாவைத்தான் பயன்படுத்த வேண்டும். பெட்டி மாறினால் குறியும் மாறும்.

துப்பாக்கியின் வாயில் மசில் பிரேக் என்னும் உதைகுறைப்பானைப் பொருத்தாதீர்கள். உதை குறையும், உண்மைதான்; ஆனால் சத்தம் பக்கவாட்டில், வழிகாட்டியின் காதுக்கும் டிராக்கரின் (தடம் பார்ப்பவர்) காதுக்கும் போகும். பல முகாம்களில் பிள்ளைகளுக்கென்றே சைலன்சர் பொருத்திய துப்பாக்கி இருக்கும். அது உதையையும் சத்தத்தையும் ஒருசேரக் குறைக்கும்.

துப்பாக்கி பிள்ளைக்குப் பொருந்துகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, துப்பாக்கியின் பின்கட்டையை முழங்கை மடிப்பில் வையுங்கள். சுட்டுவிரலின் முதல் கணு விசையில் இயல்பாக உட்கார வேண்டும். பெரியவர்களுக்கான கட்டை பெரும்பாலும் 13.5 அங்குலம், 13, 14 வயதுப் பிள்ளைக்கு 12 முதல் 12.5 தேவைப்படலாம். கட்டை நீளமாக இருந்தால் பிள்ளை உடம்பைப் பின்னால் சாய்த்து நிற்கும், உதை முழுவதும் கையின் மேல்தசையில் வாங்கும், இரண்டே நாளில் துப்பாக்கியைக் கண்டால் பயம் வந்துவிடும்.

இந்த அளவை டி-ஷர்ட்டில் பார்க்கக் கூடாது. ஜூலை காலையில் போடப்போகும் கனமான ஜாக்கெட்டோடு பாருங்கள். கண்ணுக்கும் ஸ்கோப் என்னும் குறித்தொலைநோக்கிக்கும் சுமார் 9 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும். குறைந்தால் உதையில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தை வெட்டும்.

சொந்தத் துப்பாக்கியா, முகாம் துப்பாக்கியா?

பிள்ளையின் அளவுக்கே வெட்டிய கட்டை இருந்தால் சொந்தமானதைக் கொண்டுபோகலாம். இல்லையென்றால் முகாம் துப்பாக்கி பெரிய நிம்மதி. விமானம் மாறும் ஒவ்வொரு நாட்டிலும் துப்பாக்கிச் சட்டம் வேறு, விமான நிறுவனத்தின் முன் ஒப்புதலும் தனியாக வேண்டும். வாடகைக்கு எடுப்பதானால் கட்டையின் நீளம், ரகம், ஸ்கோப்பின் உருப்பெருக்கம் மூன்றையும் முன்பே கேட்டு, அதற்கு நெருக்கமான துப்பாக்கியில் வீட்டில் பழகுங்கள்.

வீட்டில் பயிற்சியை எப்படி அமைப்பது?

நான்கு மாதம் முன்னால் தொடங்குங்கள். மேசைமேல் மணல்மூட்டை வைத்துச் சுடுவது துப்பாக்கியைக் குறிசேர்க்க மட்டுமே. ஆப்பிரிக்காவில் மேசை கிடையாது. வழிகாட்டி விரித்து வைக்கும் மூன்று கால் கோலின்மேல் நின்றபடிதான் பெரும்பாலும் சுட வேண்டியிருக்கும்.

கோலை நீங்களே செய்யலாம். 1.8 மீட்டர் நீளத்தில் மூன்று மூங்கில் அல்லது மரக்கழி. மேல்முனையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. கீழே சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டுங்கள். விரித்தால் மேலே ஒரு கவட்டை விழும். கால்களைக் கூட்டினால் உயரும், அகட்டினால் தாழும். துப்பாக்கியின் முன்கட்டைதான் கவட்டையில் உட்கார வேண்டும். குழல் நேராகக் கழிமேல் படிந்தால் குண்டு மேலே எகிறிவிடும். வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளை இடக்கையால் கவட்டையையும் முன்கட்டையையும் சேர்த்துப் பிடிக்கட்டும். அந்தரத்தில் ஆடும் வலது முழங்கைதான் பலவீனம். நீங்கள் பக்கத்தில் நின்று உங்கள் தோளை அதற்கு முட்டுக் கொடுத்தால் ஸ்கோப்பின் ஆட்டம் பாதியாகக் குறையும். இருவரும் சேர்ந்து பழக வேண்டிய வேலை இது, இருவர் காதிலும் காப்போடு.

முதல் மாதம் ஏர் ரைபிளிலும் .22இலும் போகட்டும். விசையை இழுப்பது எப்படி என்பதை உதை இல்லாத துப்பாக்கிதான் கற்றுக்கொடுக்கும். அதன்பின் பெரிய துப்பாக்கியில் ஒரு வேளைக்கு 10 முதல் 15 தோட்டாவுக்கு மேல் வேண்டாம். நடுநடுவே பிள்ளைக்குத் தெரியாமல் போலித் தோட்டா ஒன்றைக் கலந்து கொடுங்கள். வெடிக்காதபோதும் குழல் கீழே குத்தினால் உதைக்குப் பயந்து உடல் முந்திக்கொள்கிறது என்று அர்த்தம். அன்று பெரிய துப்பாக்கியை மூடிவிட்டு .22க்குத் திரும்புங்கள்.

100 மீட்டரில் 4 முதல் 5 செ.மீ. உயரே படும்படி குறிசேர்த்தால் 7எம்எம்-08 போன்ற ரகங்கள் 200 மீட்டரில் ஏறத்தாழ நேராக அடிக்கும். பிறகு 15 செ.மீ. விட்டமுள்ள காகிதத் தட்டை 50, 100, 150, 200 மீட்டரில் வைத்துக் கோலிலிருந்து சுடட்டும். ஐந்துக்கு ஐந்தும் தட்டில் விழும் தூரம் எதுவோ, அதுதான் பிள்ளையின் எல்லை. ஐந்துக்கு நாலு என்றால் அந்தத் தூரம் கணக்கில் சேராது. எல்லையை வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். 120 மீட்டர் என்று நேர்மையாகச் சொன்னால் அந்தத் தூரத்துக்கு நெருங்கிப் போக அவருக்கு வழி தெரியும்.

கடைசி மாதத்தில் நேரத்தையும் மூச்சையும் சேருங்கள். பிள்ளை 200 மீட்டர் ஓடி வரட்டும், நீங்கள் கோலை விரியுங்கள், 10 நொடிக்குள் குறிபார்த்து ஒரு தோட்டா, உடனே போல்ட்டை இழுத்து இரண்டாவது.

விலங்கின் உடலில் எங்கே குறிவைப்பது?

வட அமெரிக்க மான் வேட்டையில் “தோளுக்குச் சற்றுப் பின்னால்” என்று பழகியவர்கள் இங்கே தவறுகிறார்கள். ஆப்பிரிக்க இரலைகளின் இதயமும் நுரையீரலும் இன்னும் முன்னால், முன்கால்களுக்கு நடுவே, தாழ்வாக இருக்கின்றன. பழைய பழக்கத்தில் சுட்டால் குண்டு ஈரலிலோ வயிற்றிலோ போய்விடும், அன்றைய பொழுது முழுவதும் தடம் தேடுவதில் கழியும்.

விலங்கு முழுப் பக்கவாட்டில் நிற்கும்போது முன்காலின் நடுக்கோட்டைப் பிடித்து மேலே ஏறுங்கள். வயிற்றுக் கோட்டிலிருந்து உடல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்ததும் நிறுத்துங்கள். குறி அங்கே. பாதிக்கு மேல் போகவே கூடாது.

வைல்டபீஸ்ட்டும் ஓரிக்ஸும் கண்ணை ஏமாற்றும். தோளுக்கு மேலே திமிலும் பிடரியும் இருப்பதால் உடலின் “நடு” என்று நமக்குத் தோன்றுவது உண்மையில் மிக உயரம். அங்கே பட்டால் முதுகெலும்பின் மேல்முட்கள் அதிர்ந்து, விலங்கு அடித்துப்போட்டதுபோல் விழும்; எல்லோரும் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஓடிவிடும். வரிக்குதிரைக்கு இயற்கையே அடையாளம் போட்டிருக்கிறது: தோளில் கோடுகள் கவிழ்ந்த ‘V’ வடிவில் கூடும் இடம்.

விலங்கு நம்மைவிட்டு விலகிச் சாய்ந்து நின்றால், மறுபக்கத்து முன்காலை மனத்தில் வைத்து, குண்டு அங்கே வெளியேறும்படி குறிவையுங்கள். நம்மை நோக்கிச் சாய்ந்து நிற்பது, நேர் எதிரே நிற்பது, ஓடுவது: முதல் பயணத்தில் இந்த மூன்றும் பிள்ளைக்கு வேண்டாம். பின்னால் இன்னொரு விலங்கு மறைந்து நின்றாலும் சுடக் கூடாது. குண்டு ஊடுருவிப் போகும்.

விலங்குகளின் படங்களை வீட்டில் பெரிதாக அச்சிட்டு ஒட்டி, தினம் ஐந்து நிமிடம் பிள்ளையைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். கோலுக்கு அடுத்தபடியாகப் பலன் தரும் பயிற்சி இதுதான்.

“எங்கே? தெரியவில்லையே!” என்று பிள்ளை தடுமாறினால்?

பெரும்பாலும் ஸ்கோப் 9 மடங்கில் இருக்கும். 3 அல்லது 4 மடங்கிலேயே வைத்து நடக்க வேண்டும். நேரமிருந்தால் அப்புறம் கூட்டலாம். முதலில் வெறுங்கண்ணால் விலங்கைப் பார்த்து, கண்ணை எடுக்காமல் துப்பாக்கியைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழக்குங்கள். கூட்டத்தில் எது என்பதை “இடமிருந்து இரண்டாவது, வலப்பக்கம் பார்த்து நிற்பது” என்பதுபோல் வழிகாட்டி சொல்வார். பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லி, “பார்த்துவிட்டேன்” என்ற பிறகே துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டை விடுவிக்கட்டும். பேச்சு ஆங்கிலத்தில்தான் நடக்கும். வழிகாட்டி பேசும்போது நீங்கள் பின்னாலிருந்து தமிழில் இன்னொரு யோசனை சொல்லாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரே குரல்.

எந்த விலங்கில் தொடங்குவது?

வார்ட்ஹாக், அல்லது இறைச்சிக்காகக் கழிக்க வேண்டிய கொம்பு சிறுத்த ஸ்பிரிங்பாக், ஓரிக்ஸ். குடூவை மூன்றாம் நாளுக்குத் தள்ளுங்கள். ஓரிக்ஸில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு, பெரும்பாலும் ஆணைவிட நீளம், மெலிவு. வயதான பெண் ஓரிக்ஸ் பிள்ளைக்கு அருமையான தேர்வு.

சுட்டதும் என்ன செய்ய வேண்டும்?

உடனே அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும், பார்வை ஸ்கோப்பிலேயே இருக்க வேண்டும். விலங்கு நின்றுகொண்டிருந்தால், வழிகாட்டி “போதும்” என்று சொல்லும்வரை மறுபடி சுடலாம். இதயத்தில் பட்டது தலைதெறிக்க 50, 100 மீட்டர் ஓடி விழும். முதுகைக் கூனிக்கொண்டு மெதுவாகப் போனால் வயிற்றில் பட்டிருக்கலாம். நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் நுரையீரல். கருத்த ரத்தத்தோடு பச்சைத் துணுக்கு தெரிந்தால் வயிறு. அப்போது அவசரப்பட்டுப் பின்தொடர்ந்தால் படுத்த விலங்கு எழுந்து இன்னும் தூரம் போகும். எவ்வளவு நேரம் பொறுப்பது என்று டிராக்கர் சொல்வார். அதுவரை அவர் படிக்கவிருக்கும் தடத்தை யாரும் மிதிக்காதீர்கள்.

விழுந்த விலங்கைப் பின்பக்கமாக நெருங்கி, நீண்ட குச்சியால் கண்ணைத் தொட்டுப் பார்ப்பார்கள். இமை அசையாத பிறகுதான் பிள்ளை கிட்டே போகலாம். காயம்பட்ட ஓரிக்ஸ் கொம்பால் பக்கவாட்டில் குத்தும், படுத்த நிலையிலும் குத்தும்.

நடக்கும்போது துப்பாக்கி எப்படி இருக்க வேண்டும்?

தோட்டா துப்பாக்கியின் பெட்டியில் (மேகசின்) இருக்கலாம், சுடும் அறை காலி. வண்டியிலும் அப்படித்தான். கோலை விரித்து வழிகாட்டி சொன்ன பிறகே அறைக்குத் தோட்டா ஏற வேண்டும். சுடாமல் திரும்பினால் அறையைக் காலி செய்து வழிகாட்டியிடம் காட்ட வேண்டும். வரிசை டிராக்கர், வழிகாட்டி, பிள்ளை, நீங்கள். பிள்ளைக்கு முன்னால் இரண்டு பேர் நடக்கிறார்கள் என்பதால் குழல் வானத்தைப் பார்த்துத் தோளில் தொங்கட்டும்.

கடைசி நொடியில் பிள்ளை “வேண்டாம்” என்றால்?

கோலை மடக்கிவிட்டு நடையைத் தொடருங்கள். காரணம் கேட்காதீர்கள், “இவ்வளவு செலவு செய்து…” என்று ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். சுட்ட பிறகு அழுவதும் இயல்புதான். சில பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில்தான் அழுவார்கள். “எந்த நேரத்திலும் வேண்டாம் என்று சொல்லலாம், யாரும் கோபப்பட மாட்டோம்” என்பதைக் கிளம்பும் முன்பே வழிகாட்டி காதிலும் விழும்படி சொல்லிவைத்தால், பதற்றத்தில் சுடும் மோசமான குண்டுகள் குறையும். ரத்தம் பூசுவது போன்ற முகாம் வழக்கங்களைப் பிள்ளையைக் கேட்டுவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

என்ன உடை?

நமீபியத் தலைநகர் விண்ட்ஹூக் சுமார் 1,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூலை அதிகாலையில் வெப்பநிலை உறைநிலையை ஒட்டி இறங்கும், மதியம் 20 டிகிரியைத் தாண்டும். திறந்த பிக்கப் வண்டியின் பின்னால் விடியற்காலையில் போவதற்குக் கையுறை, காதுமூடும் குல்லாய், காற்றுப்புகாத ஜாக்கெட் வேண்டும். மற்றபடி மங்கிய பச்சை, காக்கி நிறத்தில் மூன்று செட் போதும். முகாமில் தினமும் துவைத்துக் கொடுப்பார்கள். ராணுவப் புள்ளிச் சீருடை வேண்டாம். ஜிம்பாப்வே, ஜாம்பியாவில் பொதுமக்கள் அணிவதே குற்றம்.

காலணியை இரண்டு மாதம் போட்டுப் பழக்குங்கள். அடிப்பாகம் கெட்டியாக இருக்க வேண்டும், அக்கேசியா முள் மெல்லிய ரப்பரைத் துளைத்துவிடும். காலுறையில் புல்விதை ஏறாமலிருக்கக் கணுக்கால் உறை.

உடல்நலம்?

மலேரியா ஆபத்து நமீபியாவின் வடபகுதியில்தான் அதிகம். நடுப்பகுதிப் பண்ணைகளில் குளிர்காலத்தில் மிகக் குறைவு. போகும் இடத்தின் பெயரைச் சொல்லிப் பயண மருத்துவரிடம் கேளுங்கள். உண்ணிக் காய்ச்சல் உண்டு: தினமும் குளிக்கும்போது இடுப்பு, தொடையிடுக்கு, முழங்கால் பின்புறம் பார்க்க வேண்டும், ஊர் திரும்பியபின் காய்ச்சலும் கருத்த புண்ணும் வந்தால் மருத்துவரிடம் ஆப்பிரிக்கா போனதைச் சொல்லுங்கள். நமீபியாவில் குடூக்களிடையே ரேபிஸ் 1977 முதல் அலையலையாகப் பரவியிருக்கிறது. மனிதனைக் கண்டு ஓடாத, வாயில் எச்சில் வழியும் குடூவைச் சுடுவதும் தொடுவதும் வழிகாட்டியின் பொறுப்பு.

ஆவணங்கள்?

பெற்றோர் இருவர் பெயரும் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழ். ஒரு பெற்றோர் மட்டும் போனால் மற்றவரின் உறுதிமொழி ஒப்புதல் கடிதம். இது இல்லாமல் ஜோகன்னஸ்பர்க்கிலோ விண்ட்ஹூக்கிலோ மாட்டிக்கொள்ள வேண்டாம். வேட்டை அனுமதியை முகாம் முன்கூட்டியே எடுக்கும். அதில் பெயரின் எழுத்துகள் பாஸ்போர்ட்டோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். நம் தலைப்பெழுத்துப் பெயர்கள் தலைகீழாக அச்சாகும் வாய்ப்பு அதிகம்.

துப்பாக்கியைப் பெற்றோர் பெயரில் கொண்டுபோங்கள். அமெரிக்காவிலிருந்து கிளம்பினால் சுங்கத் துறையின் 4457 படிவம் கையில் இருக்க வேண்டும். நமீபியாவில் ஹோசேயா குடாகோ விமான நிலையத்துக் காவலரிடம் தற்காலிக அனுமதி கிடைக்கும். கைத்துப்பாக்கிக்கு அனுமதி இல்லை. தென்னாப்பிரிக்காவில் அந்நாட்டுக் காவல்துறையின் எஸ்.ஏ.பி.எஸ். 520 படிவம், கருப்பு மையில். கையெழுத்தை மட்டும் முன்பே போடாதீர்கள், அதிகாரியின் கண்முன் போட வேண்டும். அங்கே தோட்டா ஒரு துப்பாக்கிக்கு 200 வரை என்றாலும் விமானத்தில் ஒருவருக்கு 5 கிலோதான். 40 தோட்டா போதும், அது ஒரு கிலோவைச் சுற்றித்தான் வரும்.

இறைச்சியும் கொம்பும் என்ன ஆகும்?

இறைச்சி வீணாவதில்லை. முகாம் சமையலறை, பண்ணைத் தொழிலாளர் வீடுகள், உள்ளூர் கசாப்புக்கடை என்று பிரியும். விலங்கு நோய்ப் பரவல் விதிகளால் ஊருக்கு எடுத்துவர முடியாது. உலர்த்திய பில்டாங்கும் அப்படியே. தோலுரிக்கும் இடத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போங்கள், விருப்பமிருந்தால்.

மண்டையோடு வேகவைத்து, தோல் உப்பிட்டு, கிருமி நீக்கி அனுப்ப ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். ஹார்ட்மன் வரிக்குதிரைக்குச் சைட்டிஸ் (அரிய உயிரின வணிக ஒப்பந்தம்) ஏற்றுமதி அனுமதி தனியாக வேண்டும். பதப்படுத்தும் கூலி, கப்பல் அல்லது விமானச் செலவு, உங்கள் நாட்டின் இறக்குமதி முகவர் கட்டணம் எல்லாம் விலங்குக் கட்டணத்துக்கு வெளியே வருபவை. சிறிய பயணத்தில் இந்தத் தொகை விலங்கின் கட்டணத்தையே தாண்டும். எல்லாவற்றையும் அனுப்பாமல், பிள்ளையின் முதல் விலங்கின் மண்டையோட்டை மட்டும் அனுப்பச் சொல்லலாம். முகாமைவிட்டுக் கிளம்பும் முன் ஒவ்வொன்றிலும் உங்கள் பெயர்ச்சீட்டு கட்டியிருக்கிறதா என்று நேரில் பார்த்து, பட்டியலைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.